இரண்டாவது நகல்

மார்பிள்ஹெட், மாசசூசெட்ஸ்
14 செப்டம்பர் 1811

அன்புள்ள மைக்கா அண்ணாவுக்கு, உன் தங்கை தபித்தா எழுதுகிறேன்.

எனக்கும் குழந்தை மெர்சிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. லண்டன் புகையில் நீயும் சூசன்னா அண்ணியும் இருமாமல் இருக்கிறீர்களா? உடம்பைப் பற்றிய பேச்சு இதோடு போதும். தலையில் இடி விழுந்த மாதிரி ஒரு சேதி வந்திருக்கிறது.

லிஸ்பனுக்குக் கருவாடு ஏற்றிப்போன நம் பாய்க்கப்பல் நேற்றுத் திரும்பிவிட்டது. ஆறு பேர் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள். கேப்டன் டாலிபர் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"உன் புருஷன் உயிரோடதாம்மா இருக்கான். இங்கிலீஷ் போர்க்கப்பல் பீரங்கிய திறந்து வச்சுக்கிட்டு நிறுத்துனான். எங்க எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுப் பாத்துட்டு, 'நீ எங்க நாட்டுக்காரன், கப்பலை விட்டு ஓடிவந்தவன்'னு ஜெத்ரோ தோளைப் பிடிச்சான். ஜெத்ரோ, தான் அமெரிக்கன்னு காட்டுற பேப்பரை எடுத்து நீட்டுனான். அந்த ஆபீசர் வாசிக்கக்கூட இல்ல. 'இது உங்க ஊர்ல கருவாடு பொட்டலம் கட்டத்தான் ஆகும்'னு கிழிச்சுக் கடல்ல போட்டுட்டான்."

"நீங்க அஞ்சு பேரும் பாத்துக்கிட்டு நின்னீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். பிரெஞ்சுக்காரனோடு வியாபாரம் செய்தால் இங்கிலீஷ்காரன் பிடிக்கிறான், இங்கிலீஷ்காரனோடு செய்தால் பிரெஞ்சுக்காரன் பிடிக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் நம் ஆட்கள் கருவாட்டோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அண்ணா, நம் ஊர்ப் பெண்கள் செய்வதை நானும் செய்திருக்கிறேன். கல்யாணம் ஆன வருஷமே ஜெத்ரோவின் பிறப்புச் சான்றுக்கு இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை அவர் சட்டைக்குள் தைத்தேன். அதுதான் இப்போது கடலில் போயிற்று. இரண்டாவதை 1807இல் உனக்கு அனுப்பினேன், இப்படி ஒரு நாள் வந்தால் லண்டனில் நம் ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று. அவர் உயரம், செம்பட்டை முடி, இடது கையில் பச்சை குத்திய மீன், அதன் கீழே என் பெயரின் முதலெழுத்துகள், எல்லாம் அதில் இருக்கிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மேசை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு கடற்படை அலுவலகத்துக்குப் போ. இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னாலேயே போ.

உன்னையே நம்பியிருக்கும்
தபித்தா

*

வாப்பிங், லண்டன்
2 நவம்பர் 1811

அன்புத் தங்கை தபித்தாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சூசன்னாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு வழக்கம்போல் வயிற்றுவலி. குழந்தைக்கு என் முத்தங்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிய சேதி படித்து இரவெல்லாம் தூங்கவில்லை. இங்கே தினமும் இப்படிப் பத்துப் பேர் கதை கேட்கிறோம். நான் குமாஸ்தாவாக இருக்கும் புகையிலைக் கிடங்குக்கே இரண்டு தாய்மார்கள் அழுதுகொண்டு வந்தார்கள். கடற்படை அலுவலகத்தில் காரியம் மெதுவாகத்தான் நடக்கும். நீ அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அந்த நகல் விஷயம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வீடு மாறினோம் அல்லவா? அது இப்போது என் கைவசம் இல்லை. நீ புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. அங்க அடையாளங்களை நீட்டி எழுதச் சொல்லாதே. பச்சை குத்தியதெல்லாம் வேண்டாம். அதிகாரிகள் நீளமாக இருந்தால் படிப்பதில்லை. பெயர், ஊர், பிறந்த தேதி போதும்.

தைரியமாக இரு அம்மா.

உன் அண்ணன்
மைக்கா ஓர்ன்

*

மார்பிள்ஹெட்
28 டிசம்பர் 1811

அன்புள்ள அண்ணாவுக்கு,

பனி கதவுக்குப் பாதி உயரம் கிடக்கிறது. குழந்தைக்குச் சளி. எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஏதாவது வந்தால் பார்க்க ஆள் இல்லை என்பதால் வருவதில்லை போலிருக்கிறது. உங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன்.

புது நகல் இதோடு வருகிறது. கிழிக்க முடியாதபடி எழுதி வாங்கியிருக்கிறேன். பாதிரியார் கையெழுத்து, ஊர் எழுத்தர் பூபியர் கையெழுத்து, முத்திரை. அது போதாதென்று ஜெத்ரோ பிறந்தபோது பேறுகாலம் பார்த்த ட்ரெஃப்ரி அம்மாளையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எண்பத்தொரு வயசு. எழுத்தர் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"அவன் பொறந்தப்ப காலைப் புடிச்சுத் தொங்கவிட்டு முதுகுல ஒண்ணு வச்சவ நான். இந்த வீதியிலதான் கத்துனான். ஜார்ஜ் ராஜா வந்து நின்னாலும் சொல்லுவேன். அந்த இங்கிலீஷ் ராஜா கெடக்கான் எடுபட்ட பய!"

"சத்தியப் பிரமாணத்துல வசவு எழுத முடியாது, ஆத்தா" என்றார் பூபியர்.

"ஏன், வசவுலயும் உண்மை இருக்குதே!"

மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

பச்சை குத்தியதை எழுத வேண்டாம் என்றாய். எப்படி அண்ணா விடுவது? செம்பட்டை முடிக்காரன் உலகத்தில் ஆயிரம் பேர். என் எழுத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர்தான். எழுதச் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீடு மாறும்போது நாற்காலி தொலையும், பானை உடையும். ஒரு மனுஷனின் உயிரை எப்படித் தொலைப்பாய்? நம் அம்மாவின் ஊசிப்பெட்டியைக்கூட இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறவன் நீ. இன்னொரு தடவை தேடிப் பார்.

தங்கை
தபித்தா

*

வாப்பிங்
22 பிப்ரவரி 1812

அன்புத் தங்கைக்கு,

நலமே இருக்கிறோம், நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன். நகல் வந்தது. அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இங்கேயும் நிலைமை மோசம். நம் நாடு வியாபாரத்தை நிறுத்தியதால் துணி ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. பிற நாட்டுக் கப்பல்களை நடுக்கடலில் மறிக்கச் சொல்லும் தங்கள் கடல் உத்தரவுகளை ரத்து செய்யச் சொல்லி இங்கிலீஷ் வியாபாரிகளே பாராளுமன்றத்துக்கு மனுப் போடுகிறார்கள். உத்தரவுகள் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். பொறுமையாக இரு. வேறு எழுத ஒன்றுமில்லை.

மைக்கா

தபித்தா, நான் சூசன்னா. உன் அண்ணன் முத்திரை மெழுகு எடுக்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். என் தம்பி நெட்டுக்காக அவர் மனமுவந்து செய்த உதவியை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். அவ்வளவு நல்ல மனிதருக்கா இப்படி?

*

லிஸ்பன் துறைமுகம், போர்க்கப்பலிலிருந்து
9 மார்ச் 1812

(ஜெத்ரோ சொல்லச் சொல்ல, உடனிருக்கும் மாலுமி எழுதியது.)

அடியே தபி,

நல்லா இருக்கியா? புள்ள எப்படி இருக்கா? நான் நல்லா இருக்கேன்னு எழுதச் சொல்றேன். எழுதுறவன் என் முதுகைப் பாத்துட்டு சிரிக்கிறான், நீ கண்டுக்காத.

ஒரு கூத்தைக் கேளு. நேத்து கேப்டன் கூப்பிட்டுவிட்டான். லண்டன்ல இருந்து கடுதாசி வந்திருக்காம். விடுதலைதான்னு நெனச்சு மூஞ்சிய கழுவிட்டுப் போனேன். அவன் வாசிக்கிறான்: "மார்பிள்ஹெட்டில் பிறந்த ஜெத்ரோ கர்ட்லர் என்ற அமெரிக்கர், 1809 மே மாதமே தக்க சான்று காட்டி விடுதலையாகிவிட்டார். இடது கையில் மீனும் எழுத்தும் சரிபார்க்கப்பட்டன. ஆகவே இப்போது அந்தப் பெயரைச் சொல்பவன் ஏமாற்றுக்காரன்."

"ஐயா, 1809ல நான் வீட்டுல உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தேன்"னு சொன்னேன். பொய்ப் பேரு சொன்னதுக்கு இருபத்துநாலு சவுக்கடி.

இப்ப நான் யாருன்னே எனக்குத் தெரியலடி. அந்த ஜெத்ரோ வெளியதான் திரியுறான். ஒருவேளை நம்ம வீட்டுக் கதவைத் தட்டினா, நல்லா பாத்துட்டுத் திற.

மைக்கா மச்சானுக்கு எழுதிக் கேளு. அவருக்குத்தான் இந்த ஆபீசு வெவகாரமெல்லாம் தெரியும். அவரு நம்மளக் கைவிட மாட்டாரு.

உன்
ஜெத்ரோ

*

மார்பிள்ஹெட்
4 மே 1812

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

ஜெத்ரோவின் கடிதத்தை அப்படியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முழுவதையும் படி. கடைசி வரியை இரண்டு தடவை படி.

என் மேசையில் இரண்டு கடிதம் கிடக்கிறது. ஒன்று அவருடையது. இன்னொன்று உன்னுடையது, அண்ணி கீழே எழுதியது. அண்ணியின் தம்பிக்கு என் வீட்டுக்காரர் என்ன உதவி செய்தார்? நெட் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாதே! உலகத்தில் இருந்தது இரண்டே நகல். ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. மற்றது உன் இழுப்பறையில் இருந்தது.

அண்ணா, நெட்டுக்கும் செம்பட்டை முடியா?

நான் அழவில்லை, கத்தவும் இல்லை. ஒன்றே ஒன்று செய். அலுவலகத்துக்குப் போய், "முதல் ஆள்தான் பொய், இரண்டாவது ஆள் நிஜம்" என்று சொல். உன்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் செல்லாது. நீ வாயைத் திறந்தால் அவர் வீட்டுக்கு வருவார். திறக்காவிட்டால் வரமாட்டார். நடுவில் வேறு வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

தபித்தா

*

மார்பிள்ஹெட்
24 ஜூன் 1812

அண்ணா,

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. நாளைக் காலை ஒரு ஸ்வீடன் கப்பல் கிளம்புகிறது, அதில் இது வருகிறது.

இங்கிலாந்து மேல் சண்டை அறிவித்துவிட்டார்கள். பக்கத்துத் துறைமுக ஊரான சேலத்தில் கப்பல் முதலாளிகள் எல்லாம் முகம் செத்துப்போய் இருக்கிறார்கள். நம் ஊரில் மணி அடித்து, ரம் பீப்பாயைத் திறந்துவிட்டார்கள். கடலில் வியாபாரம் தடையில்லாமல் நடக்க வேண்டுமாம், நம் மாலுமிகளை எவனும் தொடக் கூடாதாம், அதற்காகத்தான் இந்தச் சண்டையாம். கேப்டன் டாலிபர் வாசலில் நின்று, "தபித்தா, உன் புருஷனுக்காகத்தாம்மா நாடே எந்திரிச்சு நிக்குது!" என்று கத்துகிறார்.

"எந்திரிச்சு நின்னு எங்கே சுடப் போறீங்க? அவர் எதிரியோட பீரங்கிக்குப் பின்னாலதான் நிக்கிறாரு" என்றேன். கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நம் ஊர்ப் பையன்கள் ஏறிப்போகும் கப்பலை அவர் சுட வேண்டும், இல்லாவிட்டால் சுட மறுத்துச் சாக வேண்டும். இன்றே போ அண்ணா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இன்றே போ.

தபித்தா

*

வாப்பிங்
10 ஜூலை 1812

அன்புத் தங்கை தபித்தாவுக்கு,

உன் மே மாதக் கடிதம் கிடைத்தது. சூசன்னா எட்டு மாதம் கர்ப்பம். மற்றபடி சுகம். உனக்கு உடம்பு எப்படி?

நீ நினைத்தது சரிதான். 1809 வசந்தத்தில் கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கும்பல் நெட்டைத் தெருவில் வைத்துப் பிடித்துப் போனது. அப்போது எனக்கும் சூசன்னாவுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவன் செத்தா நானும் செத்தேன்" என்று அழுதாள். என் இழுப்பறையில் உன் நகல் இருந்தது.

அப்போது நிலைமை என்ன என்று யோசித்துப் பார். நம் நாடே கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தோட்டத்தில் கிழங்கு தோண்டுகிறார் என்று நீயே எழுதியிருந்தாய். கடலுக்கே போகாத மனிதருக்குக் கடல் பேப்பர் எதற்கு? சும்மா கிடக்கிறது, ஒரு உயிரைக் காப்பாற்றட்டும் என்றுதான் எடுத்தேன். நெட்டுக்கும் செம்பட்டை முடிதான். மீனும் எழுத்தும் எப்படி இருக்கும் என்று ரகசியமாக வரைந்து அனுப்பினேன். அவன் கப்பலிலேயே வெடிமருந்தால் கையில் பச்சை குத்திக்கொண்டான். அவன்தான் ஜெத்ரோ என்று நகலைக் காட்டி அலுவலகத்தில் சத்தியம் செய்தேன். மாப்பிள்ளை சம்மதித்ததாகச் சூசன்னாவிடம் சொன்னேன். அவள் மேல் தப்பில்லை.

நான் அலுவலகத்துக்குப் போனால் நெட்டைப் பிடித்து மறுபடி கப்பலில் ஏற்றுவார்கள். பொய்ச் சத்தியத்துக்கு என்னைச் சிறையில் போடுவார்கள். பிள்ளை பிறக்கப் போகிற நேரம்.

ஆனால் இனி அதற்கெல்லாம் அவசியமே இல்லை, தபித்தா! நல்ல சேதி சொல்கிறேன். கடல் உத்தரவுகளைப் போன மாதம் 23ஆம் தேதி ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் சண்டை போட இனி ஒரு காரணமும் இல்லை. கிடங்கில் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டோம். பிடித்த ஆட்களையும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லாமல் மாப்பிள்ளை வந்து சேருவார்.

உன் அண்ணன்
மைக்கா

*

வாப்பிங்
12 அக்டோபர் 1812

அன்புத் தங்கைக்கு,

கைதிகளை மாற்றிக்கொள்ளப் போகும் கப்பலில் இது வருகிறது. எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நீயும் மெர்சியும் சுகமா?

உன் ஜூன் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. உத்தரவுகளை இங்கே ரத்து செய்வதற்கு ஐந்து நாள் முன்னால் அங்கே சண்டை அறிவித்துவிட்டார்கள் என்பதை அதற்கு முன்பே பத்திரிகையில் படித்துவிட்டேன். ஐந்து நாள்! கடல் இவ்வளவு அகலமாக இல்லாமல் இருந்திருந்தால்.

நான் போனேன், தபித்தா. முதலில் நெட்டைத் தென்கடலுக்குப் போகும் திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். அதற்கு ஒரு மாதம் ஆனது. செப்டம்பர் 28 அன்று அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்.

"பொய்ச் சத்தியத்துக்கு உன்னை உள்ள தள்ளலாம். ஆனா யாருக்குய்யா நேரம் இருக்கு? ஆக, லிஸ்பன் கப்பல்ல இருக்கிறவன்தான் நிஜ ஜெத்ரோ. நிச்சயமா அமெரிக்கன். அப்படித்தானே?"

"ஆமாம். நிச்சயமா."

"சரி, ஒத்துக்கிட்டோம். அப்ப அவன் எதிரி நாட்டுக்காரன்" என்று வேறொரு பதிவேட்டை எடுத்து எழுதினான்.

மாப்பிள்ளை சுட மறுத்து ஆகஸ்டிலிருந்து விலங்கில் இருந்திருக்கிறார். அவர் கப்பல் பழுது பார்க்கத் திரும்பியிருந்தது. இப்போது லண்டனுக்குப் பக்கத்தில் சாத்தம் துறைமுகத்தில் பாய்மரம் பிடுங்கிய சிறைக்கப்பலில் போர்க்கைதியாக வைத்திருக்கிறார்கள். சண்டை முடியும்வரை விட மாட்டார்களாம். அவர் இனி நம் ஆட்களைச் சுட வேண்டியதில்லை, அது ஒரு ஆறுதல்.

போய்ப் பார்த்தேன். ரொட்டியும் கம்பளியும் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைக் கையை மடித்து அந்த மீனைக் காட்டினார். பிறகு இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று. கிடங்கை மூடிவிட்டார்கள். வெளிநாட்டார் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். போன வாரம் ஆள்பிடிக்கும் கும்பல் என்னைத் தெருவில் நிறுத்தியது. பேச்சைக் கேட்டு, "நீ இந்த ஊர்க்காரன் மாதிரிதானே பேசுறே?" என்றார்கள். பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்துவிட்டேன் அல்லவா? எப்படியோ தப்பித்தேன். என்னிடம் ஒரு பேப்பரும் இல்லை. நம் ஊர்ப் பதிவேட்டிலிருந்து என் பிறப்புச் சான்றுக்கு ஒரு நகல் எடுத்து, திரும்பி வரும் கப்பலில் அனுப்பு, அம்மா. அது வந்தால்தான் நாங்கள் மூவரும் ஊர் வந்து சேர முடியும்.

மைக்கா

*

மார்பிள்ஹெட்
3 பிப்ரவரி 1813

மைக்கா ஓர்னுக்கு,

நாங்கள் சுகமா என்று இனி நீ கேட்க வேண்டாம்.

நீ கேட்டபடி எழுத்தர் பூபியரிடம் போனேன். உன் பெயரைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. நீயும் நானும் ஒரே பக்கத்தில் இருக்கிறோம், நீ மேலே, நான் நாலு வரி கீழே. நகல் எழுதி வாங்கினேன். பாதிரியார் கையெழுத்துப் போட்டார். ட்ரெஃப்ரி அம்மாள் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் உன்னை எடுத்த கை எது என்று சாட்சி சொல்ல ஆள் இல்லை. முத்திரை இருக்கிறது. செல்லும்.

பூபியர் மை காயும்வரை காத்திருந்து, மடித்துக் கையில் கொடுத்தார். "அண்ணனுக்கு அனுப்பணுமா? வெள்ளிக்கிழமை கப்பல் போகுது" என்றார்.

"வேண்டாம், என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

நீ பயந்த சிறை உனக்கு வரவில்லை. பேனாவைக் காதில் செருகிய ஒருவன் அரை நிமிஷத்தில் உன்னை விட்டுவிட்டான். அந்த அரை நிமிஷத்தை நீ போன வருஷம் பிப்ரவரியில் கொடுத்திருந்தால் அவர் சண்டைக்கு முன்பே விடுதலையாகி, இந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். செப்டம்பரில் கொடுத்தாய். அதே உண்மைதான், அவரைச் சிறையில் போட்டது.

உன் நகலைக் கிழிக்கவில்லை. அது இங்கிலீஷ் ஆபீசர் செய்கிற காரியம். என் பெட்டியில், ஜெத்ரோவின் கோட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. வீடு மாற மாட்டேன், தொலையாது. அண்ணிக்கும் பிள்ளைக்கும் நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. அவர்கள் கேட்டால், எங்கே இருக்கிறது என்று நீயே சொல். இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்.

சண்டை முடிந்து, என் கதவை ஒருவர் தட்டுவார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். அவர் சாப்பிட்டு, தூங்கி எழுந்தபிறகு அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுப்பேன். உனக்கு அனுப்புவதா, அடுப்பில் போடுவதா என்று அவர் சொல்லட்டும்.

அதுவரை தெருவில் பார்த்து நட.

தபித்தா கர்ட்லர்